சுரங்கத்தில் இறங்கினால் எடை கூடுமா, குறையுமா?

கேள்வி இது: “பூமிக்குள் ஆழம் போகப் போகப் புவியீர்ப்பு முடுக்கம் சீராகக் குறைந்து மையத்தில் சுழியாகிவிடும் என்று பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. ஆழமான சுரங்கத்தில் எடை கூடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். எது சரி? மையத்தில் எடையே இல்லை என்றால் அங்கே அழுத்தம் மட்டும் எப்படி உச்சத்தில் இருக்கிறது? பூமியைத் துளைத்து ஒரு கல்லைப் போட்டால் என்ன ஆகும்?”

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பூமிக்குள் இருக்கும் ஒருவரை அவருக்குக் கீழே உள்ள பாறை எவ்வளவு இழுக்கிறது, அவர் மேலே விட்டுவிட்டு வந்த பாறை எவ்வளவு இழுக்கிறது? இந்தக் கணக்கு பிடிபட்டால் மூன்றும் அவிழ்ந்துவிடும். நேரடி விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். காணொளி சொல்வது சரி. சுரங்கத்தில் இறங்கினால் எடை கூடத்தான் செய்யும். புத்தகத்தின் சூத்திரத்திலும் பிழை இல்லை. ஆனால் அது பேசுவது வேறொரு பூமியைப் பற்றி. மேற்பரப்பிலிருந்து மையம் வரை ஒரே அடர்த்தி கொண்ட, பூரணம் வைக்காத கொழுக்கட்டை போன்ற பூமி அது. நாம் குடியிருப்பதோ பூரணம் வைத்த கொழுக்கட்டை. மேல்மாவு லேசான பாறை, உள்ளே இருக்கும் பூரணம் இரும்பு. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் “பூமியின் அடர்த்தி சீரானது எனக் கொண்டால்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள். மதிப்பெண்ணும் போகாது, உண்மையும் கெடாது.

கணக்குக்கு வேண்டிய அடிப்படை, 1687-ல் நியூட்டன் நிறுவிய ஒரு முடிவு. உள்ளீடற்ற கோளக்கூடு ஒன்றுக்குள் நீங்கள் எங்கே நின்றாலும் அந்தக் கூடு உங்களை எந்தப் பக்கமும் இழுக்காது. நடுவில் நின்றால் மட்டுமல்ல, எங்கே நின்றாலும். கூட்டின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அருகில் இருக்கும் சுவர்ப்பகுதி பலமாக இழுக்கும், ஆனால் அந்தப் பக்கம் இருப்பது சிறு துண்டுதான். எதிர்ப்பக்கச் சுவர் தூரத்தில் இருப்பதால் மெல்ல இழுக்கும், ஆனால் அங்கே இருப்பது பெரும் பரப்பு. தூரம் இரண்டு மடங்கானால் இழுவிசை கால்பங்காகிறது, ஒரே கோணத்துக்குள் அடங்கும் பரப்போ நான்கு மடங்காகிறது. இரண்டும் துல்லியமாக ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஆகவே நீங்கள் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் நின்றால், உங்களுக்கு மேலே வெங்காயத்தோல் போலப் பூமி முழுவதையும் சுற்றியிருக்கும் அந்த ஒரு கிலோமீட்டர் தடிமனான அடுக்கு கணக்கிலிருந்து முழுசாகக் கழன்றுவிடுகிறது. மிச்சம் இருக்கும் உள்உருண்டை மட்டுமே இழுக்கிறது, அதுவும் தன் நிறை முழுவதும் மையத்தில் குவிந்திருப்பதைப் போல.

இப்போது லாப நட்டம் பார்ப்போம். இறங்கும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உள்உருண்டையின் மையத்தை நெருங்குகிறீர்கள், அதனால் இழுவிசை கூடுகிறது. இது லாபம். மேல்தோலின் இழுவிசையை இழக்கிறீர்கள். இது நட்டம். இறங்கிய ஆழத்தைப் பூமியின் ஆரத்தால், அதாவது 6,371 கிலோமீட்டரால், வகுத்து ஒரு சிறு பின்னமாக வைத்துக்கொண்டால், லாபம் அந்தப் பின்னத்தைப் போல 2 மடங்கு. நட்டம் அதே பின்னத்தைப் போல 3 மடங்கு, ஆனால் அதை இன்னொரு எண்ணாலும் பெருக்க வேண்டும்: மேல்தோலின் அடர்த்தியைப் பூமியின் சராசரி அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண். அடர்த்தி எங்கும் ஒன்றே என்றால் அந்த எண் 1. லாபம் 2, நட்டம் 3, கையில் மிஞ்சுவது ஒன்று குறைவு. புத்தகத்தில் உள்ள சூத்திரம் இதுதான். ஆனால் பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.51 கிராம். நம் காலடியில் கிடக்கும் கருங்கல்லின் அடர்த்தி சுமார் 2.7, ஏறத்தாழ பாதிதான். எனவே நட்டம் 3 அல்ல, 1.47. லாபம் 2-இல் அதைக் கழித்தால் 0.53 கூடுதலாகவே மிஞ்சுகிறது. குறி மைனஸிலிருந்து பிளஸுக்கு மாறிவிட்டது.

இதிலிருந்து மனத்தில் வைத்துக்கொள்ள எளிதான விதி ஒன்று கிடைக்கிறது. நீங்கள் கடந்துபோகும் அடுக்கின் அடர்த்தி, உங்களுக்குக் கீழே மிச்சமிருக்கும் உருண்டையின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை ஈர்ப்பு கூடிக்கொண்டே போகும். அதைத் தாண்டினால்தான் குறையத் தொடங்கும். மேற்பரப்புக்கு அருகில் அந்த எல்லை 3.67. மேலோட்டுப் பாறைகளில் அதை எட்டும் பெரிய அடுக்கு எதுவும் இல்லை. கடல்நீரோ வெறும் 1.03 என்பதால் கடலுக்குள் இறங்கும்போது இந்தக் கூடுதல் பாறையில் கிடைப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

எண்களாகவே பார்க்கலாம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை பார்த்த இடம். 2001-ல் மூடிவிட்டார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் அடித்தளத்துக்குப் போயிருந்தால், புத்தகச் சூத்திரப்படி 30 கிராம் இளைத்திருக்க வேண்டும். உண்மையில் 13 முதல் 16 கிராம் வரை கூடியிருப்பார். ஒரே எண்ணைச் சொல்லாததற்குக் காரணம், தங்கம் கிடைத்த அந்தப் பாறைப்பட்டை சுற்றியுள்ள கருங்கல்லைவிடக் கனமானது, அடர்த்தி 2.9-ஐ ஒட்டி இருக்கும். பாறை கனத்தால் நட்டம் கூடும், லாபம் சுருங்கும். இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தட்டுத் தராசில் நிறுத்தால் எந்த மாற்றமும் தெரியாது. எடைக்கல்லும் அதே விகிதத்தில் கனத்துவிடும். வில் தராசு அல்லது மின்னணுத் தராசு மட்டுமே காட்டும். வீட்டில் ஏறி நின்று பார்க்கும் இயந்திரம் 50 அல்லது 100 கிராம் படியில்தான் எண்ணை மாற்றும், ஆகவே அதுவும் காட்டாது.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல, அளந்து பார்த்த சங்கதி. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் 1826-லும் 1828-லும் கார்ன்வாலில் உள்ள டால்கோத் சுரங்கத்தில் முயன்றார். முதல் தடவை கருவிப்பெட்டி தீப்பிடித்துக் கீழே விழுந்தது. இரண்டாம் தடவை சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. 1854-ல் சவுத் ஷீல்ட்ஸ் அருகே ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு வழியாகக் காரியம் கைகூடியது. சுரங்கத்தின் வாயருகே ஓர் ஊசல், 383 மீட்டர் ஆழத்தில் இன்னோர் ஊசல். மேலும் கீழும் உள்ள கடிகாரங்களைத் தந்திக்கம்பி வழியாக ஒத்துப்பார்த்தார். ஊசல்களுக்குள் இருக்கக்கூடிய வேறுபாடு கணக்கில் கலந்துவிடாமல் இருக்க, மேலே இருந்ததைக் கீழும் கீழே இருந்ததை மேலுமாக மாற்றி வைத்தும் அளந்தார். கீழே இருந்த ஊசல் நாளொன்றுக்கு 2.24 வினாடி வேகமாக ஓடியது. ஈர்ப்பு ஏறத்தாழ 19,000-இல் ஒரு பங்கு கூடியிருந்தது என்பது இதன் பொருள்.

திசை சரி, அளவுதான் சற்று எகிறிவிட்டது. அங்கிருந்த பாறையின் அடர்த்தியை 2.5 என்று வைத்துக்கொண்டு இந்த எண்ணிலிருந்து பூமியின் சராசரி அடர்த்தியைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 6.6 வருகிறது. ஜார்ஜ் ஏரிக்கும் அதுதான் வந்தது. உண்மையான 5.51 வர வேண்டுமானால் ஊசல் நாளுக்கு 1.7 வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகவே முந்தியிருக்க வேண்டும். ஒரு நாள் முழுவதற்கும் அரை வினாடிதான் வித்தியாசம், ஆனால் அது பூமியின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு பிழையாக வந்து விழுந்துவிட்டது. இந்த வகை அளவீட்டின் பலவீனம் இதுதான். லாபம் நட்டம் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிஞ்சும் சிறு தொகையைத்தான் அளக்கிறோம். சுரங்கத்தைச் சுற்றியுள்ள பாறையின் அடர்த்தியில் வரும் சின்னப் பிழையும் பெருகித்தான் வெளியே வரும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இன்னொன்றைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இதே குழியில் தேர்ந்த ஆட்கள் விழுந்தார்கள். 1980-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துச் சுரங்கங்களில் ஃபிராங்க் ஸ்டேசியும் கேரி டக்கும் எடுத்த அளவுகள், ஈர்ப்பு மாறிலி (நியூட்டனின் ஈர்ப்புச் சூத்திரத்தில் வரும் மாறாத எண்) ஆய்வகத்தில் கிடைப்பதைவிட ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் என்று காட்டின. இயற்கையில் நமக்குத் தெரிந்த நான்கு அடிப்படை விசைகளைத் தவிர ஐந்தாவது விசை ஒன்று இருக்கிறதோ என்ற பேச்சு சில ஆண்டுகள் சூடாக ஓடியது. கடைசியில், ஒப்பிடுவதற்காகச் சுற்றுவட்டாரத்தில் ஈர்ப்பை அளந்த இடங்கள் அந்த நிலத்தின் மேடுபள்ளங்களைச் சரியான விகிதத்தில் பிரதிபலிக்கவில்லை என்பது தெரியவந்தது. ஐந்தாவது விசை அடங்கிவிட்டது.

பிழை பெருகும் அதே குணத்தைத் திருப்பிப் பிடித்தால் அது கருவியாகிவிடும். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் துளைக்குள் ஈர்ப்புமானியை இறக்குவதுண்டு. இத்துறையின் அலகு மில்லிகால், அதாவது வினாடி வர்க்கத்துக்கு ஒரு மீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. (கலிலியோ பெயரைச் சுருக்கி வைத்தது. நம் கை காலுக்கும் இதற்கும் உறவில்லை.) மையத்தை நெருங்குவதால் மட்டும் மீட்டருக்கு 0.3086 மில்லிகால் கூட வேண்டும். அதிலிருந்து பாறையின் அடர்த்தியை 0.0838-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். அடர்த்தி 2.7 என்றால் மீட்டருக்கு 0.082 மில்லிகால் கூடும், 2.3 மட்டுமே உள்ள, எண்ணெயோ வாயுவோ தங்கக்கூடிய நுண்துளைப் பாறை என்றால் 0.116 கூடும். கருவியை ஓரிடத்தில் நிறுத்தி ஒரு வாசிப்பு, பத்துப் பதினைந்து மீட்டர் இறக்கி இன்னொரு வாசிப்பு. இரண்டின் வித்தியாசத்திலிருந்து நடுவில் உள்ள பாறையின் அடர்த்தி வந்துவிடும். துளைச்சுவரில் கதிரியக்கத்தைப் பாய்ச்சி அடர்த்தி பார்க்கும் கருவி சில சென்டிமீட்டர் உள்ளேதான் பார்க்கும், ஈர்ப்புமானியோ சுற்றிலும் பல மீட்டர் வரை உணரும். மேலே சொன்ன 0.3086-ஐ 0.0838-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.68 வரும். சற்றுமுன் பார்த்த மூன்றில் இரண்டு விதியின் எல்லைதான் அது, வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறது.

சரி, சுரங்கத்தைத் தாண்டி இன்னும் கீழே போனால்? மனிதன் தோண்டியதில் ஆழமானது ரஷ்யாவின் கோலா துளை, 1989-ல் 12,262 மீட்டர். பூமியின் ஆரத்தில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குக் கீழே எல்லாம் நிலநடுக்க அலைகளிலிருந்து கணக்கிட்டதுதான். இன்றும் எல்லோரும் ஒப்பிட எடுத்துக்கொள்வது 1981-ல் ஜீவோன்ஸ்கியும் ஆண்டர்சனும் வெளியிட்ட மாதிரி. அதன்படி மேற்பரப்பில் வினாடி வர்க்கத்துக்கு 9.82 மீட்டராக இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் சில நூறு கிலோமீட்டருக்குள் 10-ஐ எட்டுகிறது. பிறகு மேலோட்டுக்கும் நடுவில் உள்ள இரும்புக் கருவத்துக்கும் இடைப்பட்ட பாறை அடுக்கான கவசத்தின் பெரும்பகுதி முழுவதும் மேலே போகலாமா கீழே போகலாமா என்று யோசிப்பதைப் போல 9.9-க்கும் 10-க்கும் இடையிலேயே கிடக்கிறது. கீழ்க்கவசத்தில் மறுபடி ஏறி, கவசமும் கருவமும் சந்திக்கும் 2,891 கிலோமீட்டர் ஆழத்தில் 10.68 என்ற உச்சத்தைத் தொடுகிறது. மேலே 60 கிலோ காட்டியவர் அங்கே 65 கிலோ காட்டுவார். அந்த எல்லையில் அடர்த்தி 5.6-இலிருந்து 9.9-க்குத் தாவுகிறது. பூரணம் தொடங்கிவிட்டது. பருமனில் பூமியின் ஆறில் ஒரு பங்குகூட வராத கருவம், நிறையில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அதற்குள் நுழைந்த பிறகு நீங்கள் உரித்துப் போடுவது கனமான தோல், ஆகவே நட்டம் ஓங்கி ஈர்ப்பு மளமளவென்று சரிகிறது. 5,150 கிலோமீட்டரில் திட உட்கருவத்தின் விளிம்பில் 4.4, மையத்தில் சுழி. ஆக, புத்தகம் வரைந்த சரிவான நேர்கோடு உண்மைப் பூமியில் ஏறத்தாழப் பொருந்துவது கருவத்துக்குள் மட்டும்தான், மாணவர் யாரும் போக வாய்ப்பில்லாத இடத்தில்.

போகாத இடத்தைப் பற்றி எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்பீர்கள். உறுதி எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை, அதைப் பிரித்தே சொல்கிறேன். கல்லில் பொறித்தது போன்றவை சில. பூமியின் நிறையும் ஈர்ப்பு மாறிலியும் சேர்ந்த பெருக்குத்தொகை, செயற்கைக்கோள்களின் பாதையிலிருந்து நூறு கோடியில் சில பங்கு துல்லியத்தோடு தெரியும். நிறையைத் தனியே பிரித்தால்தான் துல்லியம் சரிகிறது. ஈர்ப்பு மாறிலியை ஆய்வகத்தில் அளப்பது அத்தனை கடினம், ஐந்தாவது இலக்கத்திலேயே தடுமாற்றம் வந்துவிடுகிறது. நிறை மையத்தை நோக்கிக் குவிந்திருக்கிறது என்பதும் உறுதி. சீரான உருண்டைக்கு நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்றுவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு), நிறையையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் 0.4 பங்கு இருக்கும். பூமிக்கு அது 0.3307. சுழலும் பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாகத் தலையாட்டும் வேகமும், செயற்கைக்கோள்கள் காட்டும் நடுவயிற்றுப் புடைப்பும் சேர்ந்து இந்த எண்ணைத் தருகின்றன. கருவம் இருப்பதை ஓல்டாம் 1906-ல் நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து கண்டார். அதற்குள் இன்னொரு கருவம் இருப்பதை 1936-ல் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண்மணி கண்டார். அலைகள் போய்ச் சேரும் நேரம் வேகங்களைத்தான் சொல்லும், அடர்த்தியை நேராகச் சொல்லாது. அடர்த்திக்குச் சாட்சி, பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி மணியடித்ததுபோல முழுசாக அதிர்வது. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவில் நடந்த நிலநடுக்கம் நம் கரைக்குச் சுனாமியை அனுப்பியது. அதே நிலநடுக்கத்தால் பூமி 54 நிமிடத்துக்கு ஒரு முறை நீள்வதும் தட்டையாவதுமாக அதிர்ந்தது. 20.5 நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கியது. இத்தனை மெதுவான அதிர்வுகளில் ஈர்ப்புக்கும் பங்கு உண்டு என்பதால் உள்ளே எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

ஐயத்துக்குரியவை என்றால், வெளிக்கருவத்திலிருந்து உட்கருவத்துக்குப் போகும்போது அடர்த்தி எவ்வளவு தாவுகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது. கருவம் சுத்தமான இரும்பு–நிக்கலைவிடச் சற்று லேசாக இருக்கிறது. அதை லேசாக்கும் பொருள் கந்தகமா, ஆக்சிஜனா, சிலிக்கானா, ஹைட்ரஜனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மையத்தின் வெப்பநிலை 5,000 முதல் 6,000 கெல்வின் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதில் சில நூறு டிகிரி இழுபறி உண்டு. ஆனால் இந்த வழக்குகளில் எது எப்படி முடிந்தாலும், ஈர்ப்பின் உச்சம் மேற்பரப்பில் அல்ல, கவசத்தின் அடியில் என்பது மாறாது.

இனி அழுத்தம். இதில் குழப்பம் வருவதற்கு ஒரே காரணம், ஓரிடத்தின் அழுத்தம் அந்த இடத்தின் ஈர்ப்பைப் பொறுத்தது என்று நினைத்துக்கொள்வதுதான். அப்படி இல்லை. அரிசி மண்டியில் மூட்டைகளை அடுக்கினால், அடிமூட்டையை நசுக்குவது அதன் சொந்த எடையா? மேலே இருக்கும் மூட்டைகள் எல்லாம் சேர்ந்து நசுக்குகின்றன. அடிமூட்டைக்கு மந்திரத்தால் எடையே இல்லாமல் செய்தாலும் நசுக்கல் குறையாது. அதுபோல மையத்தில் உள்ள இரும்புக்கு எடை இல்லை, ஆனால் அதற்கு மேலே 6,371 கிலோமீட்டருக்கு எல்லாத் திசையிலும் எடையுள்ள பொருள் இருக்கிறது, அத்தனையும் மையத்தை நோக்கி அழுத்துகிறது. ஈர்ப்பு தீர்மானிப்பது அழுத்தத்தை அல்ல, அழுத்தம் கூடும் வேகத்தை. மையத்தில் ஈர்ப்பு சுழி என்றால், அங்கே அழுத்தம் மேற்கொண்டு ஏறாமல் சமதளமாகிவிடுகிறது என்றுதான் பொருள். எண்களும் அதையே காட்டும். கவசத்தின் அடியில் 136 கிகாபாஸ்கல், உட்கருவ விளிம்பில் 329, மையத்தில் 364. வெளிக்கருவத்தின் 2,259 கிலோமீட்டர் தடிமனுக்குள் 193 ஏறியது, உட்கருவத்தின் 1,221 கிலோமீட்டரில் வெறும் 35-தான் ஏறுகிறது. 364 கிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 36 லட்சம் வளிமண்டல அழுத்தம். சீரான அடர்த்தி என்ற பழைய அனுமானத்தை இங்கேயும் போட்டால் மையத்தில் 172-தான் வரும், பாதிக்கும் குறைவு. எடை இல்லாத அந்த மையத்தில் யாரும் மிதந்து விளையாட முடியாது. திட இரும்புக்குள் அடைபட்டிருப்பார்கள்.

துளைக்குள் போட்ட கல்லுக்கு வருவோம். காற்றில்லாத, வெப்பம் தாங்கும், நொறுங்காத ஒரு துளை என்று வைத்துக்கொண்டால், புத்தகப் பூமியில் கல் மறுபக்கம் போய்ச் சேர 42.2 நிமிடம் ஆகும். 1981 மாதிரியின் உண்மை அடர்த்தியைப் போட்டால் 38.2 நிமிடம். கல் நான்கு நிமிடம் முந்துவதற்குக் காரணம் மேலே பார்த்ததேதான். வழியில் பாதித் தூரம் வரை ஈர்ப்பு குறையவே இல்லை. இதில் வேடிக்கையான சங்கதி, மையம் வரை ஈர்ப்பு மாறாமல் 9.8-ஆகவே இருக்கிறது என்று பொய்யாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும் 38.0 நிமிடம் வருகிறது. எளிய பொய்களில் எது உண்மைக்கு அருகில் நிற்கிறது பாருங்கள். மையத்தைக் கடக்கும்போது கல்லின் வேகம் வினாடிக்குச் சுமார் 9.9 கிலோமீட்டர். அங்கே ஈர்ப்பு சுழி என்றாலும் கல் நிற்காது. நிறுத்துவதற்கு அங்கே எந்த விசையும் இல்லை.

ஆனால் சென்னையில் துளை போட்டால் இதெல்லாம் நடக்காது. பூமி சுழல்கிறது. மேற்பரப்பில் இருக்கும் கல், உள்ளே இருக்கும் சுவரைவிட வேகமாகக் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது, அந்தக் கிழக்கு வேகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் விழுகிறது. இரண்டு மீட்டர் அகலத் துளையின் நடுவில் விட்ட கல், காற்றே இல்லாவிட்டாலும், 16 வினாடியில் சுமார் 1.3 கிலோமீட்டர் ஆழத்தில் கிழக்குச் சுவரில் மோதிவிடும். 3.2 கிலோமீட்டர் நேர்த்துளை என்றால் அடிக்குப் போவதற்குள் கல் கிழக்கே கிட்டத்தட்ட 4 மீட்டர் விலகியிருக்கும். மோதாமல் மறுபக்கம் போக வேண்டுமானால் துளையைத் துருவத்திலிருந்து துருவத்துக்குத்தான் போட வேண்டும். காற்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆழம் போகப் போகக் காற்றுத்தூணின் பாரத்தால் அது இறுகிக்கொண்டே போகும். வெப்பம் ஏறாது என்று வைத்துக்கொண்டால் 60 கிலோமீட்டருக்குள்ளேயே அதன் அடர்த்தி தண்ணீரை நெருங்கிவிடும். கல் அதற்குள் ஊர்ந்துதான் போகும்.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்பது கேள்வியில் இல்லை, ஆனாலும் பாதியைச் சோதிக்கலாம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 200 கிராம் வரை நிறுக்கும், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கும். காற்றில் ஒரு மாடி, அதாவது மூன்று மீட்டர், ஏறினால் ஈர்ப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும், 200 கிராம் எடைக்கல்லில் அது 0.2 மில்லிகிராம். நான்கு மாடி என்றால் 0.8. தராசைத் தரைத்தளத்தில் வைத்து, குமிழியைப் பார்த்து மட்டம் சரிசெய்து, மின்சாரம் கொடுத்து ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பிறகு ஒரு முறை மட்டும் அளவு திருத்தம் செய்து எடைக்கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாடிக்குக் கொண்டுபோய் மறுபடி மட்டம் பார்த்து, அதே நேரம் காத்திருந்து, திருத்தம் செய்யாமல் நிறுங்கள். பிறகு தரைத்தளத்துக்கே திரும்பி வந்து மூன்றாவது முறை நிறுங்கள். முதல் வாசிப்பும் மூன்றாவது வாசிப்பும் ஒத்துவராவிட்டால் நடுவில் கிடைத்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெரும்பாலும் காரியம் கெடுவது இரண்டு இடத்தில். தராசுக்குள்ளேயே ஓர் எடைக்கல் இருந்து தானாகவே திருத்திக்கொள்ளும் வசதி இருந்தால், நீங்கள் தேடும் வித்தியாசத்தை அது சத்தமில்லாமல் துடைத்துவிடும். அதை முதலில் அணைத்துவிடுங்கள். இரண்டாவது, மொட்டைமாடி அறையின் வெக்கை. ஒரு டிகிரி மாறினாலே தராசின் உணர்திறன் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு நகரக்கூடும், அதுவே ஒரு மாடி வித்தியாசத்தை விழுங்கப் போதும். ஆகவே நடுப்பகலில் வேண்டாம், விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை காட்டுவது லாபப் பக்கத்தை மட்டும், ஏனென்றால் நீங்கள் ஏறி இறங்குவது காற்றில். நட்டத்தையும் சேர்த்துப் பார்க்கப் பாறைக்குள் இறங்க வேண்டும். 20 மீட்டர் ஆழமுள்ள வறண்ட கிணறு ஒன்றில் 200 கிராமுக்குக் கூடுவது 0.3 மில்லிகிராம்தான். அகலமான கிணறு என்றால் பக்கத்தில் இல்லாமல் போன மண்ணுக்கும் ஒரு திருத்தம் போட வேண்டும். அங்கே இறங்கும் காற்றோட்டத்தில் தராசு எண் ஓரிடத்தில் நிற்காது.